ஏ சாக்லேட்... ஆ சாக்லேட்...

சர்க்கரைப் பொங்கலுக்குக் கருவாடு தொட்டுக்கொண்டு சாப்பிட்டிருக்கிறீர்களா?

அவசரப்பட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதீர்கள். ஒரு தேசமே மழைக்காலக் காலை வேளைகளில் கிட்டத்தட்ட இதைத்தான் சாப்பிடுகிறது. பிலிப்பைன்ஸ்! சாப்பிட்டுவிட்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள். கூடைப்பந்து ஆடுகிறார்கள், மைக் கிடைத்தால் பாடுகிறார்கள், எந்தக் கடலில் எந்தக் கப்பலை நிறுத்திப் பார்த்தாலும் நாலு பேர் சிரித்த முகமாக வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். காலையில் ஒரு டீயும் பாதி பன்னும் தின்றுவிட்டு ஆபீசில் பதினோரு மணிக்குக் கொட்டாவி விடும் நம்மைவிட எவ்வளவோ தேவலை.

எனக்கு இந்த ஞானம் கிடைத்த இடம் மணிலா இல்லை. துபாய், கராமா ஏரியா, நாலாவது மாடி.

நான் புதுக்கோட்டை மாவட்டம் குன்றாண்டார்கோவில்காரன். கீரனூர் பக்கம். எட்டாம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து செய்த சிவன் கோயில் ஒன்று உண்டு. அதற்கு முன்னால் குதிரைகள் இழுக்கும் தேர் மாதிரியே செதுக்கிய நூற்றுக்கால் மண்டபம். வெளியூர்க்காரர்கள் காமிராவோடு வந்து வாயைப் பிளப்பார்கள். நாங்கள் சின்ன வயதில் அந்தக் கல் குதிரைக்குப் புல் காட்டி விளையாடியதோடு சரி. மற்றபடி வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல்லு, நிறையாவிட்டால் கேப்பை, கம்பு, கடலை. அப்படிப்பட்ட ஊரிலிருந்து பி.காம். சர்டிபிகேட்டோடு 2014-ல் துபாய்க்குப் போனேன். அக்கவுண்ட்ஸ் வேலை.

அங்கே நம் மாதிரி ஆட்களுக்கு வீடு கிடையாது, 'பெட் ஸ்பேஸ்'தான். அதாவது கட்டிலுக்கு வாடகை. கட்டிலுக்குக் கீழே இருக்கும் இடம் இலவசம், பெட்டியைத் தள்ளிக்கொள்ளலாம். எங்கள் அறையில் நாலு பேர். நான். மன்னார்குடிக்காரன் ஒருத்தன், கேக்கில் முட்டை இருக்கிறதா என்று கடைக்காரனை முப்பது கேள்வி கேட்கிற சுத்த சைவம். பாக்கி இரண்டு பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். அதில் பெரியவருக்கு ஐம்பது வயது நெருக்கம், டிராப்ட்ஸ்மேன். அவரை எல்லோரும் 'குயா' என்றுதான் கூப்பிட்டார்கள். அது பெயரில்லை. அவர்கள் பாஷையில் 'அண்ணே' என்று அர்த்தம். சமையல்கார அம்மாள் முதல் லிப்ட் ரிப்பேர் பார்க்க வரும் பாகிஸ்தானி வரை எல்லோருக்கும் அவர் அண்ணன்.

போன வாரத்திலேயே ஒரு வெள்ளிக்கிழமை. அப்போதெல்லாம் அங்கே வெள்ளிதான் விடுமுறை. ஒன்பது மணி வரை தூங்கலாம் என்று போர்வையை இழுத்து மூடியவனை மூக்கு எழுப்பிவிட்டது. கருவாடு! அதுவும் சாளைக் கருவாடு! கனவோ என்று கிள்ளிப் பார்த்துக்கொண்டு அடுக்களைக்கு ஓடினேன்.

குயா நின்றுகொண்டிருந்தார். கதவிடுக்கில் ஈரத் துண்டைத் திணித்து, ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் பேனை முழு வேகத்தில் விட்டு, ஏதோ கள்ள நோட்டு அடிக்கிறவர் மாதிரி உஷாராகக் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தார். முந்தின வருஷம் அடுத்த பிளாட்காரர் புகார் கொடுத்துவிட்டாராம். பக்கத்து அடுப்பில் கருப்பாக ஏதோ 'தொபக் தொபக்' என்று கொதித்தது.

"கேப்பைக் கூழா அண்ணே?"

"சாம்பொராடோ!" என்றார்.

கோப்பையில் ஊற்றினார். மேலே கண்டென்ஸ்டு மில்க்கை வளையம் வளையமாக விட்டார். ஓரத்தில் இரண்டு கருவாடு. அவர்கள் அதைத் 'துயோ' என்கிறார்கள். "கா-இன் தாயோ" என்றார். 'வாங்க, சாப்பிடுவோம்' என்று அர்த்தம். நம் ஊரில் சாப்பிடும்போது யார் எதிரே வந்தாலும் "சாப்பிட வாங்க" என்கிறோமே, அதே மரியாதை, அதே தொனி. வருகிறவன் "இப்பத்தான் ஆச்சு" என்று சொல்லிவிட்டுப் போகவேண்டிய வழக்கமும் அப்படியே இருக்கிறது. நான் அந்த வழக்கத்தைக் கடைப்பிடிக்கவில்லை.

ஒரு வாய் கூழ். சாக்லேட்! ஆனால் ஜிகினாக் காகிதத்தில் சுற்றி வருகிற சாக்லேட் இல்லை. லேசாக நறநறவென்று, காபியைவிடக் கசப்பாக, அடியில் ஒட்டரிசி குழைந்து... அடுத்து ஒரு கடி கருவாடு. உப்பு நாக்கில் சுருக்கென்று ஏற, அதன் மேல் மறுபடியும் இனிப்புக் கூழ். சத்தியமாகச் சொல்கிறேன், மூன்றாவது வாய்க்கு அப்புறம் நான் பேசவில்லை.

வாசலில் மன்னார்குடி, மூக்கில் துண்டோடு. "ஏண்டா, இனிப்புக்கு யாராவது மீனைத் தொட்டுப்பாளா?"

"தயிர்சாதத்துக்கு மாம்பழம் தொட்டுக்கறவன் நீ. பேசாதே!" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். பதில் வரவில்லை. மறுவாரம் கருவாடு இல்லாமல் ஒரு கோப்பை வாங்கிக்கொண்டான்.

* * *

குயாவின் கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். அதற்குள் கருப்பு வில்லைகள். பார்த்தால் நாட்டு மருந்துக் கடைச் சமாசாரம் மாதிரி தோன்றும். அதுதான் 'தப்லேயா'. கொக்கோ விதையைப் புளிக்கவைத்து, காயவைத்து, வாணலியில் வறுத்து, தோலை ஊதிவிட்டு, அரைத்தால் அதிலுள்ள கொழுப்பே அதை விழுதாக்கிவிடும். சூடு ஆறுவதற்குள் வில்லை தட்டிவிட வேண்டும். பால் கிடையாது, மற்ற சாமான் கிடையாது. பத்தாங்காஸ் என்பது அவர் மாகாணம். அங்கே அவர் அம்மா வீட்டிலேயே செய்து, லீவு முடிந்து திரும்புகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார். நம் அம்மாக்கள் ஊறுகாய் பாட்டிலுக்கு நாலு பாலிதீன் கவர் சுற்றுவார்களே, அதே சுற்று. தாய்மார்களுக்குப் பொதுவாக எந்த விமானக் கம்பெனி மேலும் நம்பிக்கை இல்லை.

கொதிக்கும் தண்ணீரில் வில்லையைப் போட்டுக் கரைத்ததும் குயா ஒரு மரச்சாமானை எடுப்பார். நீளக் காம்பு, அடியில் பல் பல்லாகச் செதுக்கிய உருண்டை. பெயர் 'பாத்திரோல்'. காம்பை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து சர்சர்ரென்று உருட்டினால் நுரை பொங்கி வரும். முதல் தடவை பார்த்தபோது "மத்து!" என்று கத்திவிட்டேன். எங்கள் வீட்டில் மோர் கடைகிற மத்துக்கும் அதற்கும் ஜாதகப் பொருத்தம் பத்துக்குப் பத்து. நான் வாங்கி ஒரு கடை கடைந்தேன். குயா அசந்துபோய், "உங்க ஊர்ல சாக்லேட் உண்டா?" என்று கேட்டார்.

எங்கே உண்டு! அதற்குக் கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டும். தூங்கிவிடாதீர்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

கொக்கோ மெக்சிகோ பக்கத்துச் சரக்கு. பிலிப்பைன்ஸை ஆண்ட ஸ்பெயின்காரர்கள் 1565 முதல் 1815 வரை, இருநூற்றைம்பது வருஷம், மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் கப்பல் விட்டார்கள். அகாபுல்கோவிலிருந்து வெள்ளி வந்தது. அந்த வழியில்தான் கொக்கோவும் வந்து சேர்ந்தது. மணிலாவிலிருந்து பட்டு, வாசனைச் சரக்கு எல்லாம் போயிற்று. அதில் நம் சோழமண்டலக் கரையில் நெய்த துணியும் உண்டு. ஆக, நம் வேட்டி துணிமணியெல்லாம் மெக்சிகோ வரை போயிருக்கிறது. பதிலுக்கு வந்த சாக்லேட்டை மணிலாவிலேயே குடித்துத் தீர்த்துவிட்டார்கள்!

மெக்சிகோவில் இந்தக் கஞ்சியை மக்காச்சோள மாவில் காய்ச்சுவார்கள்; பெயர் சம்புராடோ. பிலிப்பைன்ஸ்காரர்கள் மக்காச்சோளத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு அரிசியைப் போட்டார்கள். கருவாடு சேர்ந்தது அவர்கள் சொந்த மூளை. அரிசி தின்கிற ஜாதி எங்கே போனாலும் இதைத்தான் செய்யும். மிளகாய்கூட அமெரிக்கக் கண்டத்துச் சரக்குதான். நாம் அதை மோரில் ஊறவைத்துக் காயப்போட்டு மோர்மிளகாய் ஆக்கி, பழைய சோற்றுக்குக் கல்யாணம் செய்து வைக்கவில்லையா?

கொக்கோ நமக்கும் வந்தது, லேட்டாக. 1798-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அம்போன் தீவிலிருந்து கன்று கொண்டுவந்து நட்டார்கள். எங்கே தெரியுமா? நம் குற்றாலத்தில்! நாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போனோமே தவிர அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றைக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராகக் கொக்கோ காய்த்துத் தொங்குகிறது. பெரும்பாலும் கம்பெனிக்குப் போகிறது. அடுக்களைக்குள் வந்து மத்தைப் பார்க்கவில்லை.

நான் 'மெட்ராஸ்' என்று சொன்னதும் குயா ஒரு சங்கதி சொன்னார். 1762-ல் மெட்ராஸிலிருந்து கிளம்பிய இங்கிலீஷ் படை மணிலாவைப் பிடித்து, 1764 வரை வைத்திருந்தது. திரும்பிப் போகும்போது படையிலிருந்த இந்தியச் சிப்பாய்களில் சிலரைக் காணவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கயின்தா என்ற ஊரில் கல்யாணம் காட்சி செய்துகொண்டு செட்டிலாகிவிட்டார்கள். அவர்கள் வாரிசுகள் இன்றைக்கும் அங்கே உண்டு. "ஏன் போகலைன்னு நினைக்கறே?" என்று கேட்டார்.

"காலை டிபன் நல்லா இருந்திருக்கும்" என்றேன்.

* * *

டிபன் என்றதும் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி மிஞ்சின சோற்றை நாம் தண்ணீர் ஊற்றி வைக்கிறோம். அவர்கள் காலையில் பூண்டைப் பொன்னிறமாக வதக்கி அதில் போட்டுப் பிரட்டி 'சினாங்காக்' ஆக்கிவிடுகிறார்கள். அதோடு ஒரு முட்டை. முட்டைக்கு 'இட்லோக்' என்று பெயர். இந்தப் பெயரால் எங்கள் அறையில் ஒரு சம்பவமே நடந்தது. "நாளைக்குக் காலையில எல்லாருக்கும் இட்லோக்!" என்று குயா அறிவித்ததைப் பாத்ரூமில் இருந்து அரைகுறையாகக் கேட்ட மன்னார்குடி, ராத்திரியோடு ராத்திரியாகத் தேங்காய்ச் சட்னி அரைத்து பிரிட்ஜில் வைத்துவிட்டான்!

பாவம், அவனுக்காக அடுத்த வாரம் 'புட்டோ' வந்தது. அரிசியை ஊறவைத்து அரைத்து ஆவியில் வேகவைத்தது. வட்டமாக, வெள்ளையாக, மெத்தென்று, அசல் நம் இட்லிக்குச் சித்தப்பா பிள்ளை. என்ன, கொஞ்சம் இனிக்கும். கிறிஸ்துமஸ் சமயத்தில் விடியற்காலைப் பூசை முடிந்து வந்து சாப்பிட இன்னொன்று உண்டாம். மூங்கில் குழாயில் அடைத்து ஆவியில் வேகவைத்து, தேங்காய்த் துருவல் போட்டுத் தருவது. அதற்கு 'புட்டோ பும்போங்' என்று பெயர். குழாய்ப் புட்டை நாம் கண்டுபிடித்தோம் என்று மார்தட்டிக்கொண்டிருந்த ஒரு மலையாள நண்பர் போட்டோவைப் பார்த்து ஒரு நாள் முழுக்க யாரிடமும் பேசவில்லை.

மாம்பழத்துக்கு அவர்கள் வார்த்தை 'மங்கா'. இது நம் மாங்காய்தான். மலாய்க்காரர்கள் வழியாகப் போன வார்த்தை. ஒட்டரிசியைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்து வாழையிலையில் கட்டிய 'சுமான்', ஒரு துண்டு மங்கா, ஒரு கோப்பை சூடான சாக்லேட். இது வசதியான வீட்டுக் காலை. வசதி இல்லாத வீட்டுக்குப் 'பாண்டெசால்' என்ற குட்டி ரொட்டி. சாக்லேட்டிலோ காபியிலோ முக்கித் தின்பது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் ரொட்டியைப் 'பாண்' என்கிறார்களே, அது போர்ச்சுகீசியர் கொடுத்த வார்த்தை. இங்கே ஸ்பானியர் கொடுத்தது. எல்லாம் ஒரே அடுப்புச் சூடு.

இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

எனக்கு முதல் முதலாக குயா கொடுத்த சாக்லேட், உண்மையைச் சொன்னால், தண்ணியாக இருந்தது. சின்னவன் ஒருத்தன், அவர் சொந்தக்காரப் பையன், என்னைப் பார்த்துக் கமுக்கமாகச் சிரித்தான். அப்புறம் அவன்தான் ரகசியத்தை உடைத்தான்.

ஹோசே ரிசால் என்று ஒரு கண் டாக்டர். பிலிப்பைன்ஸின் தேசத் தலைவர். 1896-ல், முப்பத்தைந்தே வயதில், ஸ்பானிய அரசாங்கம் அவரை நிற்கவைத்துச் சுட்டது. அவர் 1887-ல் வெளியிட்ட 'நோலி மே டாங்கெரே' நாவலில் ஒரு பாதிரியார் வருகிறார். வீட்டுக்கு வேண்டப்பட்ட விருந்தாளி வந்தால் வேலைக்காரனிடம் சாக்லேட் கொண்டுவரச் சொல்லி, கடைசியில் 'ஏ' என்று இழுப்பார். வேண்டாதவன் வந்தால் 'ஆ' என்று இழுப்பார். 'ஏ' என்றால் எஸ்பெசோ, கெட்டி. 'ஆ' என்றால் அகுவாடோ, தண்ணி! வந்தவனுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே குடித்துவிட்டுப் போவார்கள். இது அந்த ஊர் முழுக்கப் பரவி, இன்றைக்கும் 'ஏ சாக்லேட்', 'ஆ சாக்லேட்' என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியுமாம்.

ஆக, எனக்குக் கிடைத்தது 'ஆ'!

கோபம் வரவில்லை. டின்னில் இருப்பது ஐம்பது வில்லை, அது ஒரு வருஷம் ஓட வேண்டும். கட்டில் வாடகை வசூலிக்க வருகிறவருக்கு எப்போதும் 'ஆ'. அவர் கோப்பையில் அடி தெரியும். சம்பளம் இரண்டு மாசம் வராமல் இருந்த ஒரு நேபாளிப் பையன் வந்தபோது 'ஏ'. அவன் குடித்து முடித்த கோப்பையில் மேலுதடு மீசை மாதிரி நுரை நின்றது. ஆளைப் பார்த்து அளக்கிற இந்த வித்தை எனக்குப் பழக்கமானதுதான். ஏனென்றால் நான் எங்கள் அப்பத்தாவிடம் வளர்ந்தவன்.

அப்பத்தாவின் கேப்பைக் கூழுக்கும் இதே சட்டம். முதல் நாளே மாவைக் கரைத்துப் புளிக்கவிட்டு, நொய் போட்டுக் காய்ச்சி, காலையில் மோர் விட்டுக் கரைப்பாள். ஏர் பிடிக்கப் போகிறவனுக்குக் கரண்டி நட்டமாக நிற்கும். களை எடுக்கப் போகிறவர்களுக்கு அதற்கு அடுத்தபடி. வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேச வந்தவர்களுக்கு... கூழ் வாசனை அடிக்கும், அவ்வளவுதான். எனக்குப் பள்ளிக்கூட நாளில் கெட்டி. பி.காம். முடித்துவிட்டு எட்டு மாசம் வேலை இல்லாமல் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில், நாளாக நாளாகத் தண்ணீர் கூடிக்கொண்டே வந்தது. துபாய் விசா வந்த அன்றைக்குக் காலையில் வட்டிலைப் பார்த்தேன். கரண்டி நின்றது! "என்ன அப்பத்தா, இன்னிக்குக் கெட்டியா இருக்கு?" என்றேன்.

"தூரமா போறவனுக்கு வழியில பசிக்கும்ல?" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கருவாட்டை முள் பார்த்து எடுத்துப் போட்டாள்.

* * *

2020 ஏப்ரலில் அப்பத்தா போய்விட்டாள். கொரோனா இல்லை, வயசு. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாளாம்.

மார்ச் கடைசியிலேயே விமானம் எல்லாம் நின்றுபோயிருந்தது. மே 7-ம் தேதிதான் 'வந்தே பாரத்' விமானங்கள் கிளம்ப ஆரம்பித்தன. நடுவில் செத்தவர்களுக்கெல்லாம் எங்கள் மாதிரி ஆட்கள் போனில்தான் வாய்க்கரிசி போட்டோம். துபாயில் அப்போது தெருவில் இறங்கவே அனுமதி வாங்க வேண்டும். பெரியப்பா மகன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தான். மாஸ்க் கட்டிய இருபது பேர், பந்தல், எங்கள் தெரு, அப்புறம் ஆகாயம், அப்புறம் அவன் செருப்பு. கண்மாய்க்கரை திரும்பினதும் சிக்னல் போய்விட்டது. படம் அப்படியே நின்றது. நான் பால்கனியில் அந்த நின்ற படத்தையே எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது.

அன்றைக்குச் சாப்பிடவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை. மன்னார்குடிதான் மற்றவர்களிடம் என்னென்னவோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடியற்காலை அஞ்சரை. தூங்காமல் கிடந்தேன். கட்டிலுக்கடியில் டின் திறக்கிற சத்தம். அந்த டின் எவ்வளவு காலி என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். லீவில் போய்த் திரும்புகிற ஆள் கிடையாது, பார்சல் கிடையாது. பத்தாங்காஸிலிருந்து ஒரு வில்லை வருவதற்கு வழி இல்லை. மொத்தம் நாலு பாக்கி என்று முந்தின வாரம்தான் சின்னவன் எண்ணிச் சொல்லியிருந்தான். குயாவே அதைத் தொடாமல் வைத்திருந்தார். ஈஸ்டருக்குக்கூட எடுக்கவில்லை.

அடுக்களையில் மத்துச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. சர்... சர்... சர்... எங்கள் வீட்டு விடியற்காலைச் சத்தம்.

கோப்பையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். நுரை விளிம்புக்கு மேல் நின்றது. ஸ்பூனை விட்டுப் பார்த்தேன். சாயவில்லை. ஒரு கோப்பைக்கு ஒரு வில்லை என்பது கணக்கு. நாலும் உள்ளே போயிருந்தது.

"ஏ" என்றார் குயா. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நான் குடித்து முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அன்றைக்கு வெறும் டீத்தண்ணிதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் பதினாறு நாள் அந்த பிளாட்டில் கருவாடு வறுபடவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கருமாதி வரைக்கும் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது என்று மன்னார்குடி சொல்லியிருக்கிறான். கருவாடு இல்லாமல் காலையில் சோறு இறங்காத இரண்டு பேர், பதினாறு நாளும் பூண்டுச் சோறும் வாழைப்பழமும் தின்றார்கள்.

* * *

2021 கடைசியில் குயா ஒரேயடியாக ஊர் திரும்பினார். அதே வருஷம் நானும். கிளம்பும்போது ஒரு பொட்டலம் தப்லேயாவையும் பாத்திரோலையும் என் பெட்டியில் வைத்துவிட்டார். "உங்க ஊர்லதான் மத்து இருக்குங்கறேனே அண்ணே" என்றதற்கு, "இருக்கட்டும், அதுக்குப் பேச்சுத்துணை வேணும்ல" என்றார்.

குன்றாண்டார்கோவிலில் அம்மா வில்லையைக் கடித்துப் பார்த்துவிட்டு, "கருப்பட்டின்னு சொல்லி ஏமாத்திட்டானுகளாடா? கசக்குது!" என்றாள். பிறகு அவளே கசப்புக்குக் கருப்பட்டி சேர்த்து, பால் விட்டு, மத்தால் கடைந்தாள். குயா பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பார். அல்லது இன்னொரு கோப்பை கேட்டிருப்பார். ஒட்டரிசிக்கு எங்கே போவது என்று நான் விழித்தபோது, "ஏன், கவுனி அரிசி இல்லையா?" என்றாள். காரைக்குடிப் பக்கம் செட்டியார் வீட்டுக் கல்யாணங்களில் போடுவார்களே, கருப்பரிசி, அதே ஒட்டு. பர்மாவிலிருந்து வந்தது என்பார்கள். ராத்திரி ஊறவைத்து, ஒன்றுக்கு ஆறு தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, மூன்று வில்லை போட்டால் சாம்பொராடோ தயார். வில்லை கிடைக்காதவர்கள் இனிப்புச் சேர்க்காத கொக்கோப் பவுடர் நாலு ஸ்பூன் போட்டுக்கொள்ளலாம். மேன்ஷன் ரூமில் கரண்ட் அடுப்பு வைத்திருக்கிற பிரம்மச்சாரிகள் முயற்சி செய்யலாம். கருவாட்டுக்கு மட்டும் மேனேஜரிடம் நான் ஜவாப்தாரி இல்லை.

அப்பா முதல் நாள் கோப்பையைச் சந்தேகமாகப் பார்த்தார். ஒரு வாய் சாப்பிட்டார். கருவாட்டைக் கடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து, "இன்னொரு கருவாடு இருக்கா?" என்றார். அவர் வாயால் அதைவிடப் பெரிய பாராட்டை நான் கேட்டதில்லை.

ஏ, ஆ கதையை அம்மாவிடம் சொன்னதுதான் வினையாகிவிட்டது. அவள் மாமியாரிடம் முப்பது வருஷம் கூழ் கரைக்கப் பழகினவள், உடனே பிடித்துக்கொண்டாள். இப்போது எங்கள் வீட்டில் சாக்லேட், காபி, மோர், பானகம் எல்லாவற்றுக்கும் இதுதான் சட்டம்.

போன மாசம் தூரத்து உறவுக்காரர் ஒருவர் வந்திருந்தார். ஏலச்சீட்டு நடத்துகிறேன் என்று அப்பாவிடம் பணம் வாங்கி, மூன்று வருஷமாக 'அடுத்த வாரம்' சொல்லிக்கொண்டிருப்பவர். திண்ணையில் சௌகரியமாகக் காலை நீட்டி உட்கார்ந்தார். உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள்:

"என்னங்க... ஏவா, ஆவா?"

அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"ஆ...!"

உறவுக்காரர் பரிவோடு அப்பாவைப் பார்த்தார். "என்ன மாமா, ராத்திரி சரியாத் தூங்கலையா?"